சந்தா வெட்டிய வருடம்: எங்கள் கல்லூரி நூலகத்தில் எது தேறியது, எது போனது

சேலத்தில், ஏற்காடு மலை ஜன்னலில் தெரிகிற தூரத்தில் இருக்கும் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். சேர்க்கை குறைகிற வருடங்களில் நிர்வாகம் முதலில் கை வைப்பது நூலகத்தில். நூலகத்துக்குள் முதலில் கை வைப்பது ஜர்னல், அதாவது ஆய்விதழ்ச் சந்தாவில். பஸ்ஸுக்கு டீசல் போடாவிட்டால் மறுநாள் காலையே தெரிந்துவிடும். சந்தா கட்டாவிட்டால் ஜனவரியில் ஏதோ ஒரு பக்கம் திறக்காமல் போகும்; அதைக் கவனித்து ஒருவர் கேட்க வருவதற்குள் மார்ச் ஆகிவிடும். தாளாளருக்கு இது நன்றாகவே தெரியும். "பாதியாக் குறைச்சுக் கொடுங்க மேடம், எதைங்கறதை நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

சரி என்று நாங்கள் பணம் கட்டுகிற ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டு எடை போட்டேன். இதே நிலையில் இருக்கும் சின்னக் கல்லூரி நூலகர்களுக்கும், "என் ஜர்னலை ஏன் நிறுத்தினீங்க" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் துறைத் தலைவர்களுக்கும் சேர்த்தே இந்த மதிப்புரை.

முதலில், நிறுத்தியது. எங்கள் சந்தாப் பணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் மின்னிதழ்த் தொகுப்பு. பெயர் சொல்லவில்லை, இந்தத் தொழிலில் பெரிய கம்பெனிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் விற்கின்றன. நூற்றுக்கணக்கான இதழ்கள், ஒரே விலை. 1990களின் நடுவில் ஜர்னல்கள் இணையத்துக்கு ஏறியபோது வந்த வியாபார முறை, தொழிலில் பிக் டீல் என்போம். செவ்வாய்ப்பேட்டையில் கூடையோடு மாம்பழம் வாங்குவது மாதிரி: மேல் வரிசையில் நாலு மல்கோவா, அடியில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். அந்த நாலை மட்டும் தனியாகக் கேட்டால் சொல்கிற விலையில் பேசாமல் கூடையையே தூக்கிக்கொண்டு வந்துவிடத் தோன்றும். விலை டாலரில். மூன்று வருட ஒப்பந்தம், வருடா வருடம் இத்தனை சதவீதம் ஏறும் என்று உள்ளேயே ஒரு வரி. நம் பட்ஜெட் ஏறுமா என்பதற்கு அதில் வரி கிடையாது.

எங்கள் கல்லூரியில் பி.ஏ. தமிழ், பி.காம்., பி.எஸ்சி. கணிதம், கணினி அறிவியல் படிப்பவர்கள்தான் அதிகம். எம்.எஸ்சி. இருப்பது சில துறைகளில்தான். அந்தத் தொகுப்பில் கால்நடை மருத்துவம் முதல் கடல் சட்டம் வரை இருந்தது. தமிழில் ஒரு இதழ் கிடையாது. ஆனால் தமிழ்த்துறை மாணவர்கள் கட்டுகிற நூலகக் கட்டணமும் அதற்குள்தான் போனது. தமிழ்த்துறைத் தலைவர் நூலகக் குழுவில் வருடா வருடம் இதைச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், தீர்மானம் நிறைவேறும். இந்த வருடம் யாரும் சிரிக்கவில்லை.

ரினிவல் நேரத்தில் விற்பனைப் பிரதிநிதி ஒரு தாள் கொண்டு வருவார். போன வருடம் உங்கள் கல்லூரியில் இத்தனை டவுன்லோட், வகுத்துப் பார்த்தால் ஒரு கட்டுரை இத்தனை ரூபாய்தான் மேடம், ஒரு காபி விலை. அந்த எண் பொய் கிடையாது. எந்த எண்ணை எடுத்து வந்திருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் துறைத் தலைவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயன்பாட்டுக் கணக்கு எப்படித் தர வேண்டும் என்பதற்கு 'கவுண்டர்' என்று உலகம் முழுக்க ஒரு பொது விதிமுறை உண்டு. 2019 முதல் அதன் ஐந்தாம் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது, 2025 முதல் 5.1. பதிப்பகத்தின் தளத்தில் நூலகருக்கென்று ஒரு அட்மின் லாகின் இருக்கும். அதில் போனால் இந்த அறிக்கைகளை நாமே இறக்கிக்கொள்ளலாம், பிரதிநிதி கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கையில் 'டோட்டல் ஐட்டம் ரிக்வெஸ்ட்ஸ்' என்று ஒரு எண், 'யூனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்ஸ்' என்று இன்னொரு எண். ஒரு மாணவி ஒரு கட்டுரையை முதலில் திரையில் முழுதாகத் திறக்கிறாள், பிடித்திருந்தால் பி.டி.எஃப். ஆக இறக்குகிறாள். முதல் எண்ணில் இது இரண்டு, இரண்டாவதில் ஒன்று. பல தளங்களில் கட்டுரையைத் தட்டினாலே முழு உரையும் திறந்துவிடும், பி.டி.எஃப். பொத்தான் அதற்கு மேல்தான் இருக்கும். ஆக, வாசித்தவர் ஒருவர், கணக்கில் இரண்டு. பிரதிநிதியின் தாளில் இருந்தது எப்போதும் முதல் எண்.

அடுத்தது, இலவசக் கட்டுரைகள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறக்கக்கூடிய கட்டுரைகளும் அந்தத் தளத்திலேயே இருக்கும். நாம் சந்தா கட்டாவிட்டாலும் அவை திறக்கும். மொத்தக் கணக்கில் அவையும் சேர்ந்துதான் வரும். 'டிஆர் ஜே1' என்கிற அறிக்கையை எடுத்தால் அவற்றைக் கழித்துக் காட்டும். 'ஜே3' எடுத்தால் இலவசம் எத்தனை, காசு கொடுத்தது எத்தனை என்று பிரித்தே காட்டும். 'ஜே4' எந்த வருடத்துக் கட்டுரையை வாசித்தார்கள் என்று சொல்லும். யாரும் கேட்காத ஒன்று 'ஜே2': திறக்கப் பார்த்து அனுமதி கிடைக்காமல் திரும்பியவர்களின் கணக்கு. நம் பிள்ளைகளுக்கு உண்மையில் எது வேண்டியிருந்தது என்று தெரிய அதைவிட நல்ல அறிக்கை இல்லை. எங்களுடையதைத் திறந்தபோது வேதியியல் இதழ்கள் சில வரிசையாக நின்றன. எல்லாம் தொகுப்புக்கு வெளியே, தனிக் காசு.

யூனிக் எண்ணை எடுத்து, இலவசத்தைக் கழித்து, மாதவாரியாகப் போட்டுப் பார்த்தபோது ஒரு மாதம் மட்டும் கொடிமரம் மாதிரி நின்றது. அந்த மாதம்தான் பதிப்பகத்தார் வந்து 'பயனர் விழிப்புணர்வு நிகழ்ச்சி' நடத்திக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகளை உட்கார வைத்து, எல்லோரையும் ஒரே கட்டுரையைத் திறக்கச் சொல்லி, டவுன்லோட் செய்யச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து, சமோசாவும் கொடுத்தார்கள். யூனிக் என்பது ஒவ்வொரு பயனரின் அமர்வுக்கும் தனித்தனி என்பதால் அங்கேயும் இது ஏறிவிடும். நிகழ்ச்சி ரினிவலுக்குச் சற்று முன்னால் நடந்தது தற்செயலாகவே இருக்கட்டும். அந்த ஒரு மாதத்தை எடுத்துவிட்டு வகுத்தால், காபி விலை ஏற்காட்டில் ஒரு நாள் ரூம் வாடகைக்கு வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அதை எனக்குச் சொன்னது அறிக்கை இல்லை, எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிற வாழப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. "மேடம், காலேஜ்ல திறக்குது, வீட்ல போனா பணம் கேக்குது." அந்தத் தொகுப்பு கல்லூரி இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியை வைத்துத்தான் திறக்கும். வளாகத்துக்கு வெளியே போனால் நாமும் வெளியாள்தான். வெளியிலிருந்து திறக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மென்பொருள் சேவை வாங்க வேண்டும், அது தனிச் செலவு. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர், எடப்பாடி, மேட்டூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கல்லூரி பஸ்ஸில் வருகிறவர்கள். காலையில் இறங்கியதும் முதல் பீரியட். மாலை கடைசி மணி அடித்தால் பஸ் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடும், ஓட்டுநர் அண்ணன் யாருக்காகவும் நிற்க மாட்டார். நடுவில் மதிய இடைவேளையில் சாப்பிட்டது போக நூலகத்தில் உட்கார எவ்வளவு நேரம் இருக்கும்? அவர்கள் படிப்பது ராத்திரி, வீட்டில், போனில். அந்த நேரத்தில் அவர்களுக்குத் திறக்காத ஒன்றுக்கு நாங்கள் லட்சங்களில் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து நிறுத்தல் விதியையும் வாசித்தேன். நீங்களும் கையெழுத்துக்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள். கட்டிய வருடங்களின் இதழ்கள் நிறுத்திய பிறகும் திறக்குமா என்பதற்கு 'பர்பெச்சுவல் ஆக்சஸ்' என்று ஒரு பிரிவு இருக்க வேண்டும். எங்களுடையதில் தனியாகத் தேர்ந்தெடுத்த சில இதழ்களுக்கு மட்டும் அது இருந்தது. மற்றதெல்லாம் வாடகை. சந்தா முடிந்த பிறகு பழைய கட்டுரைகளும் சேர்ந்தே மூடிக்கொண்டன. இத்தனை வருடம் வாங்கியதற்கு அலமாரியில் ஒரு தாள் கிடையாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2019இல் எல்செவியர் பதிப்பகத்துடன் ஒப்பந்தம் படியாமல் எழுந்து வந்தது, 2021இல் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டு திரும்பியது. அவர்களுக்கு அந்தப் பலம் இருக்கிறது. நாங்கள் எழுந்து போனால் பிரதிநிதியின் டீ ஆறுவதற்குள் மறந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அது அப்படியும் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, வைத்துக்கொண்டது. என்-லிஸ்ட். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கீழ் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக 2010இல் தொடங்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னிதழ்கள், லட்சக்கணக்கில் மின்னூல்கள் என்று அறிவித்த திட்டம். அரசு உதவி பெறாத எங்களைப் போன்ற கல்லூரிக்கு நாங்கள் கட்டியது 30,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 35,400. உதவி பெறும் கல்லூரிக்கு அப்போது 5,900 தான். வெளிநாட்டுத் தொகுப்பின் விலையை இதன் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். இதழ்களின் எண்ணிக்கையை வைத்து நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி ஐடி, பாஸ்வேர்டு. எடப்பாடியில் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி பத்து மணிக்குத் திறந்தாலும் திறக்கும்.

ஆனால் இதில் வேலை முழுக்க நம் தலையில். எக்செல்லில் பெயர், துறை, மின்னஞ்சல் எல்லாம் நிரப்பி மொத்தமாக ஏற்ற வேண்டும். இங்கேதான் கூத்து. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஜிமெயில் இருக்கிறது, ஆனால் அது அவர்களுடையது என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாவது முடித்து விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டர் அண்ணன் உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு அண்ணனிடம் இருக்கிறது, அண்ணன் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஜிமெயில் டாட் கான் என்று முடிகிற முகவரிகள், ஒரே முகவரியில் அக்காவும் தங்கையும், அப்பாவின் போன் நம்பர். முதல் வருடம் ஏற்றியபோது பாதிப் பேருக்கு அழைப்பு மெயில் போய்ச் சேரவே இல்லை. இப்போது ஜூலையில் முதலாமாண்டு வகுப்புகளுக்கு நூலக அறிமுகம் நடக்கும்போதே, போனை எடு, மெயிலைத் திற, உனக்கே ஒரு மெயில் அனுப்பு, வந்ததா காட்டு என்று உட்கார வைத்துச் செய்கிறேன். இது நூலகர் வேலையா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். வேறு யார் வேலை என்று நானும் கேட்டேன்.

மத்திய அரசே மொத்தமாக மின்னிதழ்ச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று வருடங்களுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். நாங்கள் நிறுத்திய தொகுப்பைவிடப் பல மடங்கு பெரியது. மத்திய, மாநில அரசுகளின் கீழ் இருக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான் முதல் கட்டத்தில் இடம். சுயநிதிக் கல்லூரிக்கு இல்லை. எங்கள் தாளாளர் பேப்பரில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "அதான் கவர்ன்மெண்டே கொடுக்குதே மேடம், அப்புறம் எதுக்கு நாம கட்டணும்" என்றார். நமக்குக் கிடையாது என்று விளக்க ஒரு மணி நேரம் ஆனது. இதே ஊரில் 1857இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தகுதி உண்டு. பெரியார் பல்கலைக்கழகத்தின் அதே பாடத்திட்டத்தை, அதே தேர்வை எழுதும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது. எங்கள் கல்லூரியில் பகுதிநேரமாக பிஎச்.டி. செய்யும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்கிறீர்கள் இல்லையா, சனிக்கிழமை ஓமலூர் பஸ் ஏறி கருப்பூரில் இறங்கி அந்த நூலகத்தில் கேளுங்கள்.

டெல்நெட். டெல்லியில் 1988இல் தொடங்கிய நூலகங்களின் கூட்டமைப்பு. உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்திலிருந்து புத்தகம் இரவல் வரும், கட்டுரையின் நகல் கேட்டு வாங்கலாம். நம் ஊர்க் கல்லூரிக்கு அளவான தொகை. வைத்துக்கொண்டேன். மாதத்துக்கு நாலைந்து பேர் கேட்டாலே போதும், தனித்தனி இதழுக்குச் சந்தா கட்டுவதைவிட லாபம்.

அச்சு இதழ்கள். இதில்தான் சண்டை அதிகம்.

வணிகவியல் துறையில் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப்' என்று தொடங்கும் பெயர்களோடு ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. வழவழ அட்டை, உள்ளே எழுத்துப்பிழை, ஆசிரியர் குழுவில் பத்து நாட்டுப் பெயர்கள், அச்சிட்ட முகவரி ஏதோ ஒரு குடியிருப்பு. எல்லாம் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது மேஜையில் பரப்பி வைக்க வாங்கியவை. ஐந்து வருடத்தில் புத்தகம், இதழ்களுக்கு எத்தனை லட்சம் செலவழித்தீர்கள் என்று நாக் கேட்டு வந்ததால், எதையாவது வாங்கி எண்ணைக் காட்டுவது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். இவற்றை நிறுத்தப் போகிறேன் என்றதும் துறைத் தலைவர் ஒருவர், "அது யுஜிசி லிஸ்ட்ல இருக்கற ஜர்னல்மா" என்று எழுந்தார். 2025 பிப்ரவரியில் தரமான இதழ்கள் என்று வைத்திருந்த அந்த கேர் பட்டியலையே யுஜிசி கைவிட்டுவிட்டது, இனி எது நல்ல இதழ் என்று கல்லூரிகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதைச் சொன்ன பிறகும் அவர் உட்காரவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், போன வருட இதழ் ஒன்றில் அவருடைய கட்டுரையே வந்திருந்தது. அந்த ஒரு இதழை நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். சந்தா நின்றது.

எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி தொடர்கிறது. மும்பையிலிருந்து 1966 முதல் வருகிற வார இதழ். பொருளாதாரம், வரலாறு, ஆங்கிலம் என்று மூன்று துறை ஆட்களும் புரட்டும் ஒரே ஆங்கில இதழ் எங்களிடம் இதுதான். ரெசொனன்ஸ், இந்திய அறிவியல் அகாடமி 1996 முதல் மாணவர்களுக்காகவே நடத்தும் மாத இதழ். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் ஏன் அச்சில்? வாசிப்பு மேஜையில் கிடந்தால் இயற்பியல் இரண்டாமாண்டுப் பையன்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், இணையத்தில் போய் அவர்களாக ஒருநாளும் தேட மாட்டார்கள். அதற்காக அந்தச் சின்னத் தொகையைக் கொடுக்கலாம். கரன்ட் சயின்ஸ் விஷயத்தில் வேறு முடிவு. பெங்களூரிலிருந்து 1932 முதல் வருகிறது, தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, பழையதும் புதியதும் இணையத்தில் இலவசம், அதை வாசிப்பவர்கள் எங்கள் கல்லூரியில் ஆசிரியர்கள் மட்டும்தான். அவர்களுக்குத் தேடத் தெரியும். அச்சுப் பிரதியை நிறுத்திவிட்டு முகவரியை எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

தமிழ் இதழ்கள் ஒன்றையும் தொடவில்லை. காலச்சுவடு மாதிரியான இதழ்களின் வருடச் சந்தாவை எல்லாம் கூட்டினாலும் வெளிநாட்டுத் தொகுப்பின் ஓர் ஆண்டு விலையேற்றத்துக்குக் கூடக் காணாது. கிழிகிற அளவுக்குப் புரளுவதும் இவைதான். முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு ஆய்வேட்டுக்குப் பழைய நூல் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, காசில்லை, போனில் திறக்கும். தமிழ்த்துறைத் தலைவரிடம் இதைச் சொன்னபோது, "அதைத்தான் சார் நாங்க எப்பவோ பாக்க ஆரம்பிச்சுட்டோமே" என்று முதல்வரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

சந்தா ஏஜென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூர் ஏஜென்ட் ஒருவர் மூலமாக எல்லா அச்சு இதழையும் மொத்தமாகக் கட்டி வந்தோம். ஜர்னல்களின் வருடம் ஜனவரி முதல் டிசம்பர். நம் நிதியாண்டு ஏப்ரலில், கல்லூரி ஆண்டு ஜூனில். ஏஜென்ட் அக்டோபரிலேயே ப்ரோஃபார்மா என்கிற முன் பில் அனுப்பி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுவார். டாலர் ஏறினால் பிப்ரவரியில் சப்ளிமென்ட்டரி பில் வரும். இறங்கியபோது ஒன்றும் வந்ததில்லை. இதழ் வரவில்லை என்றால் பதிப்பகத்தைக் கேளுங்கள் என்பார், பதிப்பகத்தைக் கேட்டால் உங்கள் பெயரில் சந்தாவே பதிவாகவில்லை என்பார்கள். இதழ் வந்ததைக் குறித்து வைக்கும் எங்கள் கார்டெக்ஸ் அட்டையில் ஒரு இதழுக்கு மூன்று கட்டம் வரிசையாகக் காலி, பக்கத்தில் அட்டெண்டர் அக்காவின் கையெழுத்தில் 'ரிமைண்டர் போட்டாச்சு, ரிமைண்டர் போட்டாச்சு, போன் எடுக்கல' என்று இருக்கிறது. இந்திய இதழ்களுக்கு இனி நேராகப் பதிப்பகத்துக்கே கட்டுகிறோம். கொஞ்சம் கூடுதல் காகித வேலைதான், இதழ் மட்டும் ஒழுங்காக வருகிறது. நடுவில் ஒரு இதழ் விட்டுப்போனால் பைண்டிங் போட முடியாது. செவ்வாய்ப்பேட்டை பைண்டர் முழு வருடமும் இருந்தால்தான் கையில் எடுப்பார்.

காசில்லாதவற்றையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை அரைகுறை. அந்த வாழப்பாடிப் பெண்ணின் புராஜெக்ட், ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றியது. அவள் அப்பா ஒரு ஆலையில் வேலை பார்க்கிறார், அந்த வாடை அவளுக்கு வீட்டுக்குள்ளேயே பழக்கம். தொகுப்பை நிறுத்திய பிறகு அவள் வந்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். ஷோத்கங்காவில் மரவள்ளி மாவு ஆலைக் கழிவு பற்றி முழு ஆய்வேடுகளே கிடைத்தன. அதில் லட்சக்கணக்கில் இந்திய ஆய்வேடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் நோக்கீட்டுப் பட்டியல். மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த நிஸ்பர் நிறுவனம் வெளியிடும் இதழ்கள் அவர்களுடைய களஞ்சியத்தில் இலவசம். தாவரவியல் பிள்ளைகளுக்கும் அதைத்தான் காட்டுவேன், கொல்லிமலை, சேர்வராயன் பக்கத்து மலையாளி பழங்குடி மக்களின் மூலிகைப் பழக்கம் பற்றிய கட்டுரைகளைத் தேட அதுதான் நல்ல இடம். பிரவுசரில் அன்பேவால் என்கிற நீட்சியைப் போட்டுக்கொண்டால், காசு கேட்கும் கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி வேறு எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். அப்படியும் இரண்டு கட்டுரை அகப்படவில்லை. ஒன்றை டெல்நெட்டில் கேட்டோம். இன்னொன்றை எழுதிய பேராசிரியருக்கே அவளை மெயில் போடச் சொன்னேன். "அவங்க எனக்கெல்லாம் பதில் போடுவாங்களா மேடம்?" என்றாள். மறுநாள் பி.டி.எஃப். வந்தது, கூடவே இன்னும் இரண்டு கட்டுரையும் வந்தன. கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அதில் ஒரு பைசா ராயல்டி கிடையாது, யாராவது வாசிக்கிறேன் என்றால் சந்தோஷம்தான்.

காசு கேட்கும் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகக் கொடுக்கும் சைஹப் தளத்தைப் பற்றி நூலகர் வாயால் ஒன்றும் சொல்லக்கூடாது. 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை முடக்க உத்தரவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு என் மேஜைக்கு வந்து "மேடம், இந்தக் கட்டுரை எப்படி எடுக்கறது" என்று கேட்கும் ஆசிரியர்கள் திடீரென்று அதிகமானார்கள். இவ்வளவு நாள் இவர்கள் எங்கே எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

நிறுத்தியதில் வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. வேதியியலில் இரண்டு ஆசிரியர்கள் உண்மையிலேயே அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். 'ஜே1' அறிக்கையில் தெரிந்த உண்மையான வாசிப்பில் பெரும்பகுதி அவர்கள் இரண்டு பேருடையதாகத்தான் இருக்க வேண்டும். டெல்நெட்டில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறேன், கேட்ட அன்றே கிடைக்காது. அவர்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது பொறுத்துக்கொள்வதுதான்.

அப்புறம் அந்தப் பிரதிநிதி. எங்களை மறக்கவில்லை. சந்தா முடிந்த சில வாரங்களிலேயே புது விலைப்பட்டியல் வந்தது, பழைய விலையில் பாதிக்குச் சற்று மேல். வருடாந்திர ஏற்றம் என்கிற வரியையும் எடுத்துவிட்டார்கள். இவ்வளவு நாள் எங்களிடம் வாங்கிய மீதிப் பாதி எதற்கு என்று தாளாளரே போனில் கேட்டார், அதற்குப் பதில் வரவில்லை. நான் மூன்று கேள்வி மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்: வளாகத்துக்கு வெளியே மாணவரின் போனில் கூடுதல் செலவில்லாமல் திறக்குமா, நிறுத்திய பிறகு கட்டிய வருடங்களின் இதழ்கள் எங்களுக்கு நிற்குமா, வேதியியல் இதழ்களை மட்டும் தனியாக என்ன விலைக்குத் தருவீர்கள். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை அடுத்த நூலகக் குழுவில் இதை வைக்கப் போவதில்லை.